பழைய தெருக்காரர்களை ஒன்றுசேர்ப்பது எப்படி? வேலூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரின் பழைய தெருக்கள் இரண்டு விதமாகக் கலைந்திருக்கின்றன. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் லாட்ஜ்களாகிவிட்டன. திண்ணை இருந்த இடத்தில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வாசற்படிக்கு மேலே வங்காள எழுத்தில் அறை வாடகை எழுதியிருக்கிறது. சலவன்பேட்டை, கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் பல வீடுகள் அப்படியே நிற்கின்றன. ஆட்கள்தான் சத்துவாச்சாரிக்கும் காந்தி நகருக்கும், அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் நகர்ந்துவிட்டார்கள்.

போனவர்களுக்குத் தெருவின் ஞாபகம் விடுவதில்லை. ஆகவே, ஒன்றுகூடல்களும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை நடக்கும் விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. மேடை, ஃபிளக்ஸ், குத்துவிளக்கு, தலைமை தாங்க ஒரு பிரமுகர், முன்னிலை வகிக்க இருவர், ஆளுக்கொரு பொன்னாடை. அப்புறம் பிரியாணி, ஒரு குரூப் போட்டோ. நான்கு மணிக்கு எல்லோரும் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். தெருவைப் பற்றி ஒரு வரிகூட யாருக்கும் புதிதாகத் தெரிந்திருக்காது.

கூடும் நாளை ஒரு வேலைநாளாக மாற்றிக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் கையில் கொஞ்சம் வேலை கொடுத்தால், மாலைக்குள் தெருவின் நாற்பது வருட வரலாறு காகிதத்தில் ஏறிவிடும். அதற்கு முன்னேற்பாடு நிறைய வேண்டும். ஆறு மாதம் இருந்தால் பதற்றமில்லாமல் செய்யலாம்.

எல்லையைக் குறுக்குங்கள்

பேட்டை முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தெரு, அதிலிருந்து பிரியும் சந்துகள், அவ்வளவு போதும். ஐம்பது அறுபது வீடுகளைத் தாண்டினால் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் வருவார்கள். பிறகு அது மாநாடாகிவிடும். காலத்துக்கும் எல்லை வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் ஞாபகம் எட்டும் தூரம் என்றால் ஏறக்குறைய 1950 முதல் 1990 வரை.

கோட்டையை விட்டுவிடுங்கள். வேலூரைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்த யாரும் கோட்டையைக் கட்டிய சின்ன பொம்மு நாயக்கரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அடுத்த பத்தியில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சி வந்துவிடும். அதையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். உங்கள் தெருவில் எந்தெந்த வீட்டில் கிணறு இருந்தது, எந்தக் கிணற்றில் யார் யாரெல்லாம் தண்ணீர் சேந்தலாம் என்ற வழக்கம் இருந்தது என்று எவரும் எழுதவில்லை. கோட்டை உங்கள் தெருவைத் தொட்ட இடம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைத் தேடுவது

குழுவில் நான்கு பேர் இருக்கட்டும். ஒருவர் இன்னும் அதே தெருவில் குடியிருப்பவர். ஒருவர் வெளியூருக்குப் போய்விட்டவர். ஒருவர் குடக்கூலிக்கு இருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். நான்காமவர் யாராகவும் இருக்கலாம். இவர்களில் இருவராவது பெண்களாக இருப்பது கட்டாயம். இதை நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. பெண்களைக் கண்டுபிடிக்கப் பெண்களால்தான் முடியும்.

எந்தத் தெருவிலும் முதலில் தொலைந்துபோவது அங்கே பிறந்து வளர்ந்து வாக்கப்பட்டுப் போன பெண்கள். அண்ணன் தம்பிகளின் செல்பேசி எண் எப்படியாவது கிடைத்துவிடும். அக்காளுக்கு இப்போது வேறு இனிஷியல், வேறு ஊர். “குடியாத்தத்தில் கொடுத்தார்கள்” என்ற ஒரு தகவலோடு தேட வேண்டியிருக்கும். தேடுங்கள். தெரு வரலாற்றுக்கு அவர்களைவிடச் சிறந்த சாட்சிகள் கிடையாது. 1974-ல் கல்யாணமாகிப் போன ஒரு பெண்ணின் மனத்தில் தெரு 1974-லேயே நிற்கிறது. எதிர் வீட்டு வேப்பமரம், மூலைக் கடையின் மரப்பலகைக் கதவு, குழாயடி இருந்த பக்கம் எல்லாம் தேதி போட்டு வைத்த மாதிரி இருக்கும். தெருவிலேயே தங்கிவிட்டவர்களின் ஞாபகத்தில் அறுபது வருடமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கலங்கிப்போயிருக்கிறது. மாடி எப்போது கட்டினார்கள் என்று கேட்டால், “எப்போதும் அப்படித்தானே இருக்கிறது” என்பார்கள்.

அடுத்து, சொந்த வீடு இல்லாதவர்கள். பின்கட்டில் குடியிருந்தவர்கள், துணி வெளுத்தவர், பால் ஊற்றியவர், பீடி இலை கொண்டுவந்து கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிப் போனவர், தெருவைப் பெருக்கியவர், டியூஷன் எடுத்த டீச்சர். வீட்டுக்காரர்கள் பட்டியலை மட்டும் வைத்துக் கூப்பிட்டால் சொத்து வரலாறுதான் கிடைக்கும்.

பழைய வாக்காளர் பட்டியல் கிடைத்தால் நல்லது. வீட்டு எண் வரிசையில் பெயரும், உறவும், வயதும் இருக்கும். வாட்ஸ்அப் குழு தொடங்குவதானால் அழைப்புக்கும் ஆள் தேடுவதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கப் படங்கள் ஆரம்பித்துவிட்டால் பெரியவர்கள் அனுப்பும் ஒன்றிரண்டு நல்ல தகவலும் அதில் புதைந்துவிடும்.

டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

ஞாபகத்துக்கு முன்னால் காகிதம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போனால்தான் சரியான கேள்வி கேட்க முடியும்.

காகிதங்களில் முதலிடம் கிரயப் பத்திரத்துக்கு. கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சொத்து விவரத்தைப் பாருங்கள். செக்குபந்தி என்று நான்கு எல்லை எழுதியிருக்கும்: இன்னார் வீட்டுக்குத் தெற்கு, முனிசிபல் சந்துக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு, தெருவுக்கு மேற்கு. இந்த ஒரு வரியில், பத்திரம் எழுதிய வருடத்தில் இரு பக்கத்திலும் இருந்த வீடுகள் யாருடையவை என்பது பதிவாகிவிடுகிறது. ஒரே சிறகில், அதாவது தெருவின் ஒரு பக்க வரிசையில், நான்கைந்து வீட்டுப் பத்திரம் கிடைத்துவிட்டால் போதும். பத்திரமே தொலைந்துபோன வீடும் பக்கத்து வீட்டுப் பத்திரங்களில் எல்லையாக வந்து நிற்கும். காலிமனை என்று 1952-ல் எழுதிய இடம் 1968-ல் ஓட்டு வீடாகவும், பிறகு மெத்தை வீடாகவும் மாறுவதை வரிசையாகப் பார்க்கலாம்.

பத்திரத்தை யாரிடமிருந்தும் வாங்கி வராதீர்கள். அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் கண்முன்னே, சொத்து விவரப் பகுதியை மட்டும் படமெடுங்கள். விலையும் பாகப்பிரிவினையும் உங்களுக்குத் தேவையில்லை. “பத்திரம் கேட்கிறார்கள்” என்ற வார்த்தையே பல வீடுகளில் சந்தேகத்தைக் கிளப்பும். அண்ணன் தம்பி வழக்கு நடக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம்.

வீட்டு எண்ணை நம்பி வேலை செய்யாதீர்கள். பழைய எண், புதிய எண் என்று கதவிலேயே இரண்டு இருக்கும்; அதற்கு முந்தியது மூன்றாவதாகப் பத்திரத்தில் இருக்கும். நகர நில அளவையின் வார்டு, பிளாக், டி.எஸ். எண் ஆகியவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

தேதி கிழிந்துபோன காகிதத்துக்குக் காலம் சொல்லச் சில குறிப்புகள். முத்திரைத் தாளில் ஆங்கிலேய அரசர் தலை இருந்தால் அது சுதந்திரத்துக்கு முந்திய கையிருப்புத் தாள். தொகை ரூபாய், அணா, பை என்று இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்பு. அந்த மாதம்தான் புதுப் பைசா வந்தது. உறையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. கல்யாணப் பத்திரிகையில் ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகள் மேலே சுழித்த பழைய வடிவில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சிறிய அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை அதற்குப் பிறகும் சில காலம் ஓட்டின. தமிழ் வருடப் பெயர் இருந்தால் இன்னும் சௌகரியம்: ‘நிகழும் மங்களகரமான சாதாரண வருடம்’ என்றால் 1970-71. அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பெயர் திரும்பும் என்பதால் தவறு வருவது கடினம்.

மாவட்டப் பெயரும் ஒரு கடிகாரம்தான். 1911 வரை வடஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். ஆகவே மிகப் பழைய பத்திரங்களில் சித்தூர் பெயரைக் கண்டு திகைக்க வேண்டாம். 1989 செப்டம்பர் 30 அன்று மாவட்டம் பிரிந்து, திருவண்ணாமலை தனியாகப் போனது. வேலூர் இருந்த பகுதி வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டமானது. வேலூர் மாவட்டம் என்ற பெயர் 1997-ல் வந்தது. இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-ல் பிரிந்தன. அரசாங்கக் காகிதத்துக்குத்தான் இந்தக் கணக்கு. பத்திரிகை அடிப்பவர்கள் பழக்க தோஷத்தில் வடஆற்காடு என்றே வெகுகாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளி ஆதாரம் தேட ஆசைப்பட்டால், 1881-ல் காக்ஸ் தொகுத்து 1890-களில் ஸ்டூவர்ட் திருத்திய வடஆற்காடு மாவட்டக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1951 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளும் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போகலாம். ஆனால் இவை மாவட்டத்தைப் பேசுமே தவிர உங்கள் தெருவைப் பேசாது. அங்கே போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால் இங்கே தொண்ணூறு வயதுக்காரர் காத்திருக்க மாட்டார்.

பாத்திரங்கள், கற்கள்

வரலாறு எழுதுகிறவர்கள் சமையலறைக்குள் போவதில்லை. பரணில் கவிழ்த்து வைத்திருக்கும் பித்தளை அண்டாவையும் எவர்சில்வர் தூக்கையும் இறக்கச் சொல்லுங்கள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பல பாத்திரங்களில் தேதியும் உண்டு. கல்யாணத்துக்கு யார் யாருக்கு மொய்யாக என்ன வைத்தார்கள், எந்த வீட்டோடு எந்த வீட்டுக்குப் போக்குவரத்து இருந்தது என்பது அதில் தெரியும். இப்போது பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களின் பெயர் ஒரே குடத்தில் இருப்பதும் உண்டு. அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டாம்.

பஜனை கோயில், பிள்ளையார் கோயில், மசூதி, சர்ச், தண்ணீர்த் தொட்டி, நூலகக் கட்டடம் என்று எங்கெல்லாம் உபயக் கல் பதித்திருக்கிறதோ அதையெல்லாம் படியுங்கள். சுண்ணாம்பு அடித்து எழுத்து மூடியிருந்தால் சுரண்டாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும்; அப்போது படமெடுத்தால் மங்கிய வரியும் துலங்கும்.

பெரியவர்களிடம் பேசுவது

செல்பேசி போதும். விமானப் பயன்முறையில் வைத்து, பேசுகிறவரிடமிருந்து ஒரு முழம் தூரத்தில், மடித்த துண்டின்மேல் வையுங்கள். பத்து விநாடி பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். பெரிய எதிரி மின்விசிறி. அதன் இரைச்சல் பாதி வார்த்தைகளை விழுங்கிவிடும். நிறுத்தினாலோ வேலூர் வெயிலில் பெரியவர் கால் மணி நேரம் உட்கார மாட்டார். ஆகவே காலை ஏழு மணிக்கு முன்பு திண்ணையில், அல்லது கார்த்திகைக்குப் பிறகு எந்த நேரமும்.

“அந்தக் காலத்தில் தெரு எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “ரொம்ப நன்றாக இருந்தது” என்ற பதில் வரும். தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். “ஆயா, நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் குடிதண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? எத்தனை மணிக்குப் போவீர்கள்? வரிசையில் யார் முன்னால் நிற்பார்கள்?” கிணறு, தெருக்குழாய், கைபம்பு, லாரி, வீட்டுக் குழாய், காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று தண்ணீர் வந்த பாதையைக் கேட்டுக்கொண்டே போனால் வேலூரின் பாதிக் கதை வந்துவிடும். யார் எந்தக் குழாயில் பிடிக்கக்கூடாது என்பதும் அங்கேதான் வெளியே வரும். பாலாற்றில் ஊற்றுத் தோண்டிக் குளித்ததைச் சொல்லாத ஆள் இருக்க மாட்டார். எந்த வருடம் வரை என்று பிடித்துக் கேளுங்கள்.

வருடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நிகழ்ச்சி ஞாபகம் இருக்கும். இந்தி எதிர்ப்புப் போராட்டம் (1965), அண்ணா மறைவு (1969), நெருக்கடி நிலை (1975), ஸ்கைலாப் விழப்போகிறது என்ற பயம் (1979), சத்துணவு (1982), எம்.ஜி.ஆர். மறைவு (1987) என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, “அதற்கு முன்னாலா, பின்னாலா?” என்று கேளுங்கள்.

வேலூருக்கென்றே ஒரு அடையாள நாள் உண்டு. கோட்டை இருக்கிறது, ராஜா இல்லை. ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. கோயில் இருக்கிறது, சாமி இல்லை என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அதில் கடைசிப் பகுதி 1981 மார்ச் 16 அன்று பொய்யாகிவிட்டது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பிய நாள் அது. “சாமி வந்த வருடம் உங்கள் பெரிய பையன் எந்த வகுப்பு?” என்று கேட்டால் கணக்கு டாண் என்று வந்து விழும்.

மயானக் கொள்ளை ஊர்வலம் பாலாற்றங்கரைக்கு எந்த வழியாகப் போனது, சித்ரா பௌர்ணமிப் புஷ்பப் பல்லக்கைப் பார்க்க எங்கே நின்றார்கள், சந்தனக்கூடு தெருவழியாக வந்ததா என்றும் கேளுங்கள். ஊர்வலம் போகாமல் விட்ட தெரு எது என்ற கேள்விக்கு வரும் பதில் இன்னும் முக்கியம்.

எழுதும்போது இரண்டு குறி போடுங்கள்: கண்டது, கேட்டது. “என் தாத்தாவுக்குத் தாத்தா திப்பு குடும்பத்துக்குக் குதிரை பார்த்துக்கொண்டார்” என்பதும் வரலாற்றில் இடம்பெறலாம், ‘கேட்டது’ என்ற குறியோடு.

நாளும் சோறும்

மார்கழியில் வையுங்கள். முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும்; வாடகையும் பேசிக் குறைக்கலாம். உறவுக்காரர் கல்யாணம் என்று யாரும் கழன்றுகொள்ள முடியாது. மழை ஓய்ந்திருக்கும், அரையாண்டு விடுமுறை, பெங்களூர்க்காரர்களுக்கும் கிறிஸ்துமஸ் விடுப்பு. டிசம்பர் 25-க்கும் புத்தாண்டுக்கும் நடுவே வரும் ஞாயிறு உத்தமம். அக்னி நட்சத்திரத்தில் வைத்தால் முதியவர்கள் வர மாட்டார்கள், வரவும் கூடாது. புரட்டாசியில் வைத்தால் பிரியாணி போடுவது பற்றிப் பட்டிமன்றமே நடக்கும். ரமலான் நோன்பு எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவையே மறித்துப் பந்தல் போடுவதானால் காவல் நிலையத்திலும் மாநகராட்சியிலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். என் யோசனை: காலையில் தெருவில் நடை, மற்றதெல்லாம் பக்கத்து மண்டபத்தில்.

சாப்பாட்டில் சிக்கனம் பார்த்து வேலூரில் பெயர் எடுக்க முடியாது. சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய் தொக்கு, தயிர்ப் பச்சடி. கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஹலால் கறியாக வாங்கிவிட்டால் ஒரே தேக்சாவில் முடியும். மார்கழி என்பதால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள். சைவச் சமையலுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி. இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா.

பணத்தைத் தெருக்காரர்களிடம் மட்டும் வாங்குங்கள். வெளியார் ஒருவர் மொத்தச் செலவையும் ஏற்க முன்வந்தால், மறுநாள் அவருடைய முகம் தெருமுனையில் பத்தடிக்குத் தொங்கும்.

அன்றைய நாள்

எட்டு மணிக்குத் தெருமுனையில் கூடி மெதுவாக ஒரு நடை. இப்போது குடியிருப்பவர்களிடம் முந்தின வாரமே போய்ச் சொல்லி, அவர்களையும் அழைத்திருங்கள். லாட்ஜ் ஊழியர்களும் இன்று அந்தத் தெருவின் மனிதர்கள்தான். பத்து மணிக்குள் மண்டபம்.

நடுக்கூடத்தில் தரையில் தெருவின் படத்தை விரியுங்கள். பின்பக்கம் வெள்ளையாக உள்ள பழைய ஃபிளக்ஸ் ஒன்று போதும். மேடைக்கு வேண்டாம் என்று சொன்ன ஃபிளக்ஸுக்கு இங்கே உருப்படியான உபயோகம். பதினைந்து இருபதடி நீளத்துக்குத் தெருவை வரைந்து, இருபக்கமும் வீடுகளைக் கட்டமாகப் போட்டு, பத்திரங்களில் கிடைத்த பெயர்களைப் பென்சிலால் எழுதிய சீட்டுகளாக ஒட்டி வையுங்கள். பாதிக் கட்டம் காலியாக இருக்கட்டும். சிலவற்றில் சந்தேகக்குறி இருக்கட்டும். முழுமையான படத்தைப் பார்த்தால் பாராட்டிவிட்டுப் போவார்கள். குறையுள்ள படத்தைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள். “யார் சொன்னது இது ரைஸ் மில் என்று? ரைஸ் மில் அந்தச் சிறகில்லையா இருந்தது!” என்று ஒருவர் குனிவார். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலியைப் படத்தின் ஓரத்தில் போடுங்கள். நான்கு நிறப் பேனா: 1950-களுக்கு ஒன்று, 60-களுக்கு ஒன்று, 70-களுக்கு ஒன்று, 80-களுக்கு ஒன்று. பக்கத்தில் எழுத்து நன்றாக உள்ள இளையவர் இருவர், பதிவுக்கு ஒருவர்.

இன்னொரு மூலையில் வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் போட்டோ மேசை. பிசின் ஆல்பத்தில் ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள். அப்படியே நிழலில் வைத்து நேர்மேலிருந்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரை இருக்கும். பெயர் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முகத்தில் கோடு விழும்.

சாப்பாடு ஒன்றரைக்குத்தான். தேக்சாவைத் திறந்த பிறகு வரலாறு நடக்காது.

பேச்சு என்று வைக்கவே வேண்டாம். இறந்துபோன தெருக்காரர்களின் பெயர்களை வீட்டு வரிசையில் ஒருவர் வாசிக்கட்டும், அது போதும். அந்தப் பட்டியலில் குடக்கூலிக்காரர் பெயரும் வேலை செய்தவர்கள் பெயரும் விடுபடக் கூடாது.

சங்கடமான விஷயங்கள்

சாதிப் பேச்சு வரும். யார் எந்தக் கிணற்றைத் தொட முடியாது, யாருக்கு வீடு கொடுக்க மறுத்தார்கள், காதலித்தவர்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் வரும். “நம் தெருவில் அப்படி எதுவும் இல்லை” என்று முதலில் சொல்கிறவர் பெரும்பாலும் அதனால் பாதிக்கப்படாதவராக இருப்பார். கூட்டத்தில் விவாதிக்க விடாதீர்கள். அனுபவித்தவரிடம் தனியே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். அவர் அனுமதித்தால் மட்டும், அவர் விரும்பினால் பெயரை மறைத்து, எழுதுங்கள். தனிக் குடும்பத்தின் நோய், கடன், பிரிவு ஆகியவை தெருவின் வரலாறு ஆகாது. ஒழுங்குமுறையாக நடந்த விலக்கல் நிச்சயம் தெருவின் வரலாறு.

அதற்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் தரைப்படத்தைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுங்கள். பதிவுகளுக்கு ஆண்டு, பேசியவர், வீட்டின் டி.எஸ். எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள ஒருவரிடம்.

தொகுப்பு நாற்பது ஐம்பது பக்கம் இருந்தால் போதும். அச்சுக்கு முன் பெயர் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் பக்கத்தைக் காட்டித் திருத்தம் கேளுங்கள். படிக்க முடியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒன்று கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு, மற்றவை வந்தவர்களுக்கும் இப்போது தெருவில் இருப்பவர்களுக்கும். யாரிடமாவது அசல் போட்டோ வாங்கியிருந்தால், வாங்கிய தேதி எழுதிய நோட்டிலேயே திருப்பிக் கொடுத்த தேதிக்கும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.